எல்லநள்ளியில் நின்று போகும் பஸ்ஸும், குன்னூர் – ஊட்டி ரயிலில் உள்ளூர் மக்களுக்கு ஒரு பெட்டியும் வேண்டி நான்காவது மனு

அனுப்புநர்: எல்லநள்ளி, கேத்தி பகுதி மக்கள் சார்பில் ஒரு குடியிருப்பாளர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். இதே கோரிக்கையோடு இதுவரை மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம். தங்களிடம் அல்ல, பஸ் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் இரண்டு, ரயில் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் ஒன்று. முதல் இடத்தில், "பக்கத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறதே" என்றார்கள். அடுத்த இடத்தில், "ரோட்டுக்கு வந்தால் எத்தனையோ பஸ்" என்றார்கள். எழுத்தில் ஒரு வரி பதில் இல்லை. ஒப்புகைச் சீட்டுகளின் நகல்களை இணைத்திருக்கிறோம்.

ஊட்டி – குன்னூர் சாலையில் உள்ள எல்லநள்ளி நிறுத்தத்தைத் தாங்கள் அறிவீர்கள். குன்னூருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போகிறீர்கள். எனவே இடத்தை விவரிக்காமல் கஷ்டத்தை மட்டும் சொல்கிறோம்.

1. என் தந்தைக்கு வயது 67. செவ்வாயும் வெள்ளியும் ஊட்டி அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். அங்கே அவரை நன்றாகவே கவனிக்கிறார்கள். வீடு திரும்புவதுதான் பெரும்பாடு. அவருடைய இடது கையில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறது. அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது, அதன்மேல் அழுத்தம் படக் கூடாது. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அந்த நிலையில் பஸ் நிலையத்துக்கு வந்தால், "மேட்டுப்பாளையம், கோவை மட்டும் ஏறுங்கள், எல்லநள்ளி நிற்காது" என்கிறார்கள். குன்னூர் வண்டி வந்தால் படிக்கட்டு வரை ஆள்.

கடந்த மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் நின்றோம். ஏழு பஸ்கள் போயின. தூறலில் ஊசி போட்ட இடத்துப் பஞ்சு நனைந்து, சட்டைக் கையில் ரத்தம் பரவியது. எட்டாவது பஸ்ஸில் ஏறினோம், உட்கார இடமில்லை. வலது கையால் கம்பியைப் பிடித்து, இடது கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு என் தோளில் சாய்ந்தபடியே வந்தார். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரம் இது.

2. காலையில் எல்லநள்ளியில் கை காட்டினால் ஓட்டுநர், பின்னால் வேறு வண்டி வருகிறது என்று சைகை செய்துவிட்டுப் போகிறார். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. உள்ளே நிற்க இடமில்லை.

3. சீசன் வந்தாலே ரயிலை அதிகம் விடலாமா, பஸ்ஸை அதிகம் விடலாமா என்று பேச்சு கிளம்புகிறது. ரயிலை விட்டால் நெரிசல் தீரும் என்பவர்கள் மலையடிவாரத்தில் உள்ள கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களை எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சக்கரப் பாதை. எஞ்சின் பின்னாலிருந்து சில பெட்டிகளைத்தான் தள்ளிக்கொண்டு ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் நாள் கணக்கில் வண்டி இல்லை. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த பாதை, 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் கூட்டத்தை மலையேற்றும் வேலையை அதன் தலையில் கட்ட முடியாது. அதைப் பஸ்தான் செய்ய வேண்டும்.

குன்னூருக்கு மேலே கதை வேறு. அங்கே பல்சக்கரம் இல்லை. டீசல் எஞ்சின் சாதாரணத் தண்டவாளத்தில் ஓடுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் எல்லாம் நாங்கள் குடியிருக்கும் ஊர்கள். என் தந்தை இளம் வயதில் மாதச் சீசன் டிக்கெட் எடுத்து இந்த ரயிலில்தான் அருவங்காட்டுக்கு வேலைக்குப் போனார். இன்று அதே கேத்தி நிலையத்தில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வண்டியைப் பார்க்கிறேன். முன்பதிவுப் பெட்டிகள் நிரம்பியிருக்கின்றன. பொதுப் பெட்டியின் கதவைத் திறக்கவே முடியவில்லை. ஜன்னல் தோறும் செல்போன்கள். சுற்றுலா வந்தவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களை நம்பித்தான் இந்த மலையில் பாதிப் பேர் பிழைக்கிறோம். ஆனால் நாங்கள் எதில் போவது?

4. 2024 மே 7 முதல், நீலகிரிக்கு வரும் வெளியூர்க் கார்களுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வந்தது. 2025 சீசனில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரவேற்கிறோம். காரை விட்டவர்கள் பஸ்ஸில் ஏறுவார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பஸ் என்று யார் கணக்குப் போட்டார்கள்? மலர்க் கண்காட்சிக்குச் சுற்றுப் பேருந்து விட முடிகிறது. டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு ஒரு வண்டி எல்லநள்ளியில் ஒரு நிமிடம் நிற்க முடியாதா? இதைக் கேட்க எத்தனை மனு எழுத வேண்டும்?

5. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடி, எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் பஸ்கள் வேண்டும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை கட்டாயம் வேண்டும்.

6. குன்னூர் – ஊட்டி ரயில்களில், அடையாள அட்டை காட்டும் உள்ளூர் மக்களுக்கு முன்பதிவு இல்லாத ஒரு பெட்டி. ஒன்றே ஒன்று போதும்.

ரயில் தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது தெரியும். தாங்கள் அழைத்தால் இரு துறையினரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். நாங்கள் அழைத்தால் வர மாட்டார்கள். அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம். தயவுகூர்ந்து நிற்கும் பஸ்ஸையாவது முதலில் ஏற்பாடு செய்து தாருங்கள். வரும் செவ்வாய்க்கிழமையும் நானும் என் தந்தையும் அந்த நிறுத்தத்தில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
எல்லநள்ளி, கேத்தி பகுதி மக்கள் சார்பில்

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல்கள் மூன்று, பகுதி மக்களின் கையொப்பத் தாள்.