நீலப் புகை வந்தாலே இன்ஜினை இறக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வாங்குவோர் நம் மாவட்டத்தில் பெருகிவிட்டார்கள். சைலன்சரில் நீலப் புகை தெரிந்ததும் பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடுகிறார்கள். "ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்ற தீர்ப்பு சில இடங்களில் பானெட்டைத் திறக்கும் முன்பே வந்துவிடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம் தேய்ந்துவிட்டது, இன்ஜினைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்று பொருள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்பது சரியாகவே இருக்கலாம். எந்த வழியாக உள்ளே போய் எரிகிறது என்று பார்த்த பிறகல்லவா செலவைப் பேச வேண்டும்?

வண்டி ஆறிய பிறகு சைலன்சர் வாய்க்குள் விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்த கரி, தட்டினால் உதிர்கிறது என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் இவற்றைப் பார்த்தால் போதும். பிசுபிசுவென்று ஒட்டும் கரிதான் ஆயில். மார்கழிக் காலையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொட்டும் தண்ணீருக்கும் வெள்ளை ஆவிக்கும் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பை, அதாவது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருப்பதால் குழாயின் உட்புறம் சுத்தமாகவே இருக்கும். அதில் கரி அப்பியிருந்தால் ஃபில்டர் உடைந்திருக்கும், இல்லை யாரோ கழற்றியிருப்பார்கள். வாங்கும் முன் கேளுங்கள்.

புகையின் நிறத்தைவிட அது வரும் நேரம்தான் அதிகம் சொல்லும். அதற்குத் தொப்பூர் கணவாய் நல்ல இடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது, கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோல் இன்ஜினுக்குள் வெற்றிடம் கூடி வால்வ் வழியாக ஆயிலை இழுக்கும். இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால் அது வால்வ் சீல், அதாவது வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு, தேய்ந்ததன் அடையாளம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் புகைந்து நிற்பதும் அதே சீல்தான். இதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பல கார்களில் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிக்கொண்டு, ஹெட்டைக் கூடக் கழற்றாமல் மாற்றலாம். சேலத்திலிருந்து ஏறும்போது, லோடு இழுக்கும் நேரமெல்லாம் தொடர்ந்து புகைந்தால்தான் ரிங், சிலிண்டர் போர் (சிலிண்டரின் உட்சுவர்), டீசலில் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) என்று யோசிக்க வேண்டும். புகையைப் பின்னால் வரும் வண்டியில் உள்ளவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இறங்கும் சாலை அல்ல அது. நியூட்ரலில் இறங்கவே கூடாது.

ரிங் என்று சொல்லும் முன் பிசிவி வால்வைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும் சின்னப் பாகம் அது, விலையும் குறைவு. திறந்தபடி சிக்கினால் ஆயிலையே இழுத்து எரிக்கும். அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி எல்லா சீல்களிலும் கசிய வைக்கும்.

அடுத்தது, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் இன்ஜினைச் சூடாக்கி, பிளக் எல்லாவற்றையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுற்றவிட வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். ஒரு எச்சரிக்கை: கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் ஆயில் ரிங் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பிஸ்டனில் கீழே உள்ள, ஆயிலை வழித்துவிடும் அந்த ரிங் மட்டும் கரியில் ஒட்டிக்கொண்டு ஆயிலைக் குடிக்கும் வண்டிகள் உண்டு. அப்போது எந்தப் பிளக் ஆயிலில் நனைந்திருக்கிறது என்பதுதான் சாட்சி.

எவ்வளவு ஆயில் குறைகிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள். சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, 1,000 கி.மீ. ஓடிய பின் அதே இடத்தில் பார்த்து, பழைய அளவுக்கு வர எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதி வைத்தால் போதும். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்றே சில கம்பெனிக் கையேடுகள் சொல்கின்றன. டிப்ஸ்டிக்கில் உள்ள மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் அந்த ஆயிலும் எரிந்துதான் போகும். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றிப் புகையை மறைத்து விற்பதும் நடக்கிறது.

நம் ஊரில் ரிங் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது. கிரானைட் குவாரிப் பக்கத்துத் தூசு கண்ணாடி போல் கடினமானது. சரியாகப் பொருந்தாத மலிவு ஏர் ஃபில்டரின் ஓரத்தில் நுழைந்து சிலிண்டரைத் தேய்க்கும். உப்பு நிறைந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் படிவு கட்டி, இன்ஜின் கொதித்து, ரிங் சிலிண்டர் சுவரை அழுத்திப் பிடிக்கும் விறைப்பை இழக்கும். கூலன்ட் ஊற்றுங்கள்.

புகைச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் காருக்கு நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் போன்றவற்றைத்தான் அளக்கிறார்கள். கணவாயில் மட்டும் புகையும் வண்டி அதில் எளிதாகத் தேறிவிடும். இன்ஜினை இறக்கச் சொன்னால், ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும் ஆயில் விட்டு எடுத்த இரண்டாவது அளவையும் பில்லில் எழுதித் தரக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு பட்டறை பாருங்கள்.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.