மூடைக்குள் என்ன இருக்கிறதோ அதை மூடைமேல் எழுதுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்கிற எரிபொருள் குச்சி, தயாரிக்கிற, விற்கிற அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறவன். விறகை விட்டுவிட்டு பெல்லட் அடுப்புக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. எந்த ஆலையில் வாங்கினேன் என்று எழுதப்போவதில்லை, இது ஒருத்தரோடு தீருகிற வழக்கு இல்லை. இதுவரை நான்கு இடத்தில் வாங்கியாயிற்று, முதல் லோடு நன்றாக இருக்கும், அதை நம்பி அடுத்த லோடு எடுத்தால் அது வேறு சரக்கு.

போன ஓணத்தில், திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகவேண்டிய ஆர்டர், காலை ஆறு மணிக்கு வண்டி வந்துவிடும். 120 கிலோ காய் தோலுரித்து மஞ்சள் தண்ணீரில் கிடக்கிறது. பத்து மணிக்குப் புது லோடில் ஒரு மூடையைப் பிரித்தேன். அதே பெயர், அதே படம், அதே விலை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, தீ இறங்கிவிட்டது. அடுப்புக்குக் காற்று ஊதுகிற ஃபேனைக் கூட்டினால் புகைதான் வருகிறது.

சிப்ஸ் போடுகிறவர்களுக்குத் தெரியும், காயை நேரே எண்ணெயில் சீவி விட்டு உப்புத்தண்ணீர் தெளிக்கும்போது எண்ணெய் பொங்கி அடங்கவேண்டும், அதற்குத் தீ ஒரே சீராக நிற்கவேண்டும். தீ தணிந்தால் காய் எண்ணெயைக் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும், அதை யாரும் வாங்கமாட்டார்கள். அடுப்பை அணைத்துத் திறந்து பார்த்தால் காற்று வரும் துளையெல்லாம் சாம்பல் உருகிக் கிட்டமாகக் கட்டிப்போய் இருக்கிறது. கம்பியால் குத்தி எடுப்பது, மறுபடி பற்றவைப்பது, மறுபடி அணைவது. என் மனைவி அந்தப் புகையில் இருமிக்கொண்டே காய் சீவிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு இது நடக்காது என்று பெல்லட்டை ஒதுக்கிவிட்டு, பக்கத்துத் தென்னந்தோப்பில் போய்க் கதம்பையும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் பொறுக்கி வந்து பழைய அடுப்பில் தீமூட்டினேன். ஆர்டரில் பாதிதான் கொடுக்க முடிந்தது. மிச்சக் காய் கறுத்துப்போனது. அவள் இருமல் ஒரு வாரம் நிற்கவில்லை.

ஓணம் முடிந்த பிறகு அந்த மூடையைச் சல்லடையில் போட்டுப் பார்த்தேன். 40 கிலோ மூடையில் 7 கிலோ வெறும் தூள். ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் பெல்லட்டைப் போட்டேன், இறுகப் பிடித்த பெல்லட் என்றால் மூழ்கவேண்டும், இதில் பாதி மிதந்தது. கரைந்த பிறகு அடியில் மணல். அந்த மணலும் கூடச் சேர்ந்ததுதான் அடுப்பில் உருகிக் கிட்டமாகிறது.

குலசேகரம், திருவட்டார், அருமனை என்று சுற்றிலும் ரப்பர், அறுப்பு மில்லில் மரத்தூளுக்குப் பஞ்சமே இல்லை. நல்ல சரக்கு செய்ய இங்கே முடியும், உங்கள் முதல் லோடே அதற்குச் சாட்சி. ஆனால் மில் முற்றத்தில் கூட்டி அள்ளியதும், பிளைவுட் தூளும், பூச்சி அரிக்காமல் இருக்க போராக்ஸ் ஏற்றிய ரப்பர் பலகையின் தூளும் எல்லாம் ஒரே குவியலில் விழுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் செய்வது தின்கிற பண்டம் அண்ணாச்சி. பிளைவுட் பசை எரிந்த புகை என் சட்டிமேல் வரக்கூடாது.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கும் பெல்லட்தான் போடுகிறார்கள். அங்கே என்பிளஸ் என்ற முத்திரை 2010இல் வந்தது. அதன் முதல் தரத்துக்கு ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். எனக்கு 0.7 வேண்டாம். உங்கள் சாம்பல் மூன்று சதவீதம் என்றால் மூன்று என்றே எழுதுங்கள், அதற்குத் தக்கபடி நான் காற்றைத் திருப்பிக்கொள்கிறேன். எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் விறகு, பெல்லட் மாதிரி எரிபொருள் போடுகிற அடுப்புக்கு ஐ.எஸ். 13152 என்று இந்தியத் தரம் வைத்திருக்கிறார்கள். அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் சேர்க்கவேண்டும் என்று 2021இல் மத்திய மின்துறை சொன்னது, அங்கே போகிற லோடுக்கு ஈரமும் வெப்பத்திறனும் பார்த்துத்தான் பணம். பத்து மூடை வாங்குகிற சிப்ஸ் கடைக்காரனுக்கும் டீக்கடைக்காரனுக்கும் மட்டும் எந்தச் சோதனையும் கிடையாது, கேட்டால் "அடுப்பைச் சரியாகத் துடைத்தீர்களா" என்கிறீர்கள். கேஸ் விலைக்குப் பயந்து வந்தவன்தானே, எங்கே போகப்போகிறான் என்ற நினைப்பா? ஆனியிலும் ஐப்பசியிலும் மழை அடிக்கிற மாவட்டம் இது. தார்ப்பாய்க்கு அடியில், உள்ளுறை இல்லாத சாக்கில் கிடந்த பெல்லட் ஈரம் குடித்து ஊதிப்போகும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அந்த ஈரத்துக்கும் நாங்கள் கிலோ கணக்கில் காசு கொடுக்கிறோம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் நிற்கவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், விறகுக்குத் திரும்பிப்போக எனக்கு ஆசையில்லை. கேட்பது இதுதான்: மூடைக்குள் என்ன இருக்கிறதோ அதை மூடைமேல் எழுதுங்கள். எந்தத் தூள், ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எந்தத் தேதியில் செய்தது. சரக்கு மாறினால் லோடு இறக்குவதற்கு முன்பே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள், அதற்கு மூடைக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட்டினாலும் தருகிறேன்.

அடுத்த ஓணத்துக்கு ஆடி மாதமே லோடு எடுக்கவேண்டும். அதற்குள் எழுதின மூடையோடு யார் வந்தாலும் அவர்களிடம் வாங்குகிறேன், தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரன்