கணக்கர் சம்பளத்தை யார் தருவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னாட்டு நிவாரண நிதி பற்றிய கட்டுரை, பணம் குறைவதையே பேசியது. இருக்கிற பணத்தில் யார் சொல் செல்லுகிறது என்பதையும் பேசியாக வேண்டும்.

ஸ்டான்லி மருத்துவமனையை வட சென்னைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சியால் வந்த பெயர் அது. சென்னை மாகாணத்தை இன்னொரு பெரும் பஞ்சம் வாட்டிய 1877 ஜனவரியில், வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியானால் சுமார் 1,600 கலோரி. தொண்டு நிறுவனங்கள் இன்று பொதுவாகப் பின்பற்றும் ‘ஸ்பியர்’ நிவாரணத் தரமோ, மண்வெட்டி தொடாதவர்களையும் சேர்த்தே ஆளுக்குச் சராசரியாக 2,100 கலோரி கேட்கிறது. மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் டெம்பிளின் கூலிக் குறைப்பைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் ஆங்கிலேயர்தான். ஆனால் அளவை வகுத்தவர் அன்றைய தலைநகர் கல்கத்தாவிலிருந்து வந்தவர்.

தூரத்தில் இருப்பவர் அளவை வகுக்கும் இந்த ஏற்பாடு இன்னும் மாறவில்லை. பன்னாட்டு நிவாரண நிதியில் 25 சதவீதம் 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும் என்று 2016-ல் இஸ்தான்புல்லில் கொடையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதன் அருகில்கூட வரவில்லை. உள்ளூரில் திறன் போதாது என்பது காரணமாம்.

அந்தத் திறன்குறைவு எப்படி உண்டாகிறது? ஐ.நா. அமைப்பு 7, 8 சதவீதத்தை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். அடுத்து பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பங்கு. ஊர் அமைப்புக்கு வரும் ஆறு மாத ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அரிசிக்கும் தார்ப்பாய்க்கும்தான் தொகை இருக்கும். வாடகை, கணக்கர் சம்பளம், தணிக்கைக் கட்டணம் இருக்காது. பகலில் மூட்டை இறக்கியவரே இரவில் பில் அடுக்குவார். ஒரு வவுச்சரில் கையெழுத்து விட்டுப்போனால் தணிக்கையில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த மதிப்பீட்டில் ‘நிதி நிர்வாகம் பலவீனம்’ என்று குறிப்பு விழும்.

நம் சட்டத்துக்கும் இதில் பங்குண்டு. 2020-ல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, பதிவுபெற்ற அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தரமுடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50-லிருந்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது. எண்ணூரில் இருக்கும் சிறு மீனவர் குழுவுக்குப் பெரிய அமைப்பு வழியாகவும் கதவு அடைப்புதான்.

மேலே எடுக்கும் நிர்வாக விகிதம் அப்படியே கீழேயும் வரவேண்டும். எல்லாக் கொடையாளருக்கும் ஒரே அறிக்கைப் படிவம் போதும். வெள்ளம் வந்த வாரத்தில் தார்ப்பாய்ப் பணத்தைக் குடிநீருக்கு மாற்ற, ஜெனீவாவில் இருக்கும் தலைமையகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஊர் அமைப்பே முடிவெடுக்க ஒப்பந்தம் இடம் தரவேண்டும்.

- வாசகர், ராயபுரம், சென்னை-13