பெரியவர் மாட்டை விற்கிறார்

மேப்பிள் கிரீக், சஸ்காச்சுவான் மாகாணம், கனடா

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். நீ எழுதித் தெரிந்துகொள்வதென்றால் கட்டையன் கடனைத் திருப்பித் தருகிற நாள்தான்.

செய்திக்கு வருகிறேன். நான் மாட்டு வைத்தியம் பார்க்கிற பண்ணையின் பெரியவர் மாட்டை விற்கப்போகிறார். ஒன்றிரண்டு இல்லை, 200 தாய்ப்பசுக்கள் உள்ள மந்தையை. நவம்பரில் ஏலம். "புல்வெளி கிடக்குது, மாடு மேயுது, தொப்பி போட்டுக் குதிரையில சுத்துறவனுக்கு அப்படி என்னடா வேலை?" என்று போனில் கேட்டாயே, அதற்கு இப்போதாவது பதில் எழுதிவிட வேண்டும்.

உங்கள் காங்கேயத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டை எடுத்துக்கொள், அதில் அரை வருஷம் பனியைக் கொட்டு. அதுதான் இந்த நாடு. மழை குறைவு. ஒரு பசுவும் கன்றும் கோடையைத் தள்ள 20 ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். பாதியைத்தான் மேய விடலாம், மீதிப் பாதி வேரைக் காக்க நிற்க வேண்டும். அதைத் தாண்டி மேய்த்தவன் அடுத்த வருஷமே அனுபவிப்பான். குளிர்காலத்துக்கு 600 கிலோ பசு ஒன்று நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ உலர்புல் தின்னும். 200 நாளைக்குக் கணக்குப் போடு: தலைக்கு இரண்டரை டன். 600 கிலோ உருளைக் கட்டாகச் சுருட்டினால், வீணாவதையும் சேர்த்து, மந்தைக்கு 900 கட்டு. இதை ஜூலை, ஆகஸ்டில் அறுத்துச் சேர்த்தாக வேண்டும். ஈரம் 18 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது சுருட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், சில சமயம் தானாகவே தீப்பற்றும். மிகவும் காய விட்டாலோ சத்துள்ள இலையெல்லாம் வயலிலேயே உதிர்ந்துவிடும்.

தண்ணீர் இதைவிட மோசம். மேய்ச்சல் குட்டைகள் வறட்சியில் சுண்டினால் தண்ணீரில் சல்பேட் உப்பு ஏறும். மாட்டுக்குக் கண் தெரியாமல் போகும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட நேரம் கிடைத்தால் பிழைக்கும். 2017 கோடையில் இந்த மாகாணத்தின் ஒரு பொது மேய்ச்சல் நிலத்தில் உப்பேறிய தண்ணீரைக் குடித்து 200 மாடுகள் செத்தன. அதற்குப் பிறகு பெரியவர் ஜூன் பிறந்தால் கையில் உப்புமானியோடுதான் அலைகிறார்.

குளிரைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ரோமம் அடர்ந்து உலர்ந்திருக்கும் பசு மைனஸ் 8 வரை தாங்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் தீவனம் 2 விழுக்காடு கூட வேண்டும். மைனஸ் 28 என்றால் 40 விழுக்காடு. ரோமம் நனைந்துவிட்டால் இந்தக் கணக்கே செல்லாது, பிளஸ் 15லேயே நடுங்க ஆரம்பிக்கும். அதனால்தான் கொட்டகையைவிடக் காற்றுத்தடுப்பு வேலி முக்கியம். பலகைகளுக்கு நடுவே கால் பங்கு இடைவெளி விட்டு அடிப்பார்கள். முழுக்க அடைத்தால் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று, பனியை மாட்டின் மேலேயே கொட்டும். முள்கம்பி வேலியிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு: கோடையில் விறைக்க இழுத்துக் கட்டினால் ஜனவரியில் கம்பி சுருங்கி அறுந்துவிடும். ஆணியையும் கம்பி உள்ளே நழுவும்படி கொஞ்சம் தளர்த்தியே அடிக்க வேண்டும்.

ஏப்ரல் வந்தால் ஈற்றுக்காலம். உனக்குப் பாடம் எடுக்கவில்லை, நம் கால்நடைக் கல்லூரி விடுதி வார்டன் பேயாய் எழுப்பிய ராத்திரிகளில் எல்லாம் படித்தவைதான். ஆனால் இங்கே அதைச் செய்வது டாக்டர் இல்லை, அந்தக் கிழவர். கன்றின் காலில் சங்கிலி ஒரு சுருக்கு மட்டும் போட்டால் எலும்பு முறியும், அதனால் கணுவுக்கு மேல் ஒன்று, கீழே அரைச்சுருக்கு ஒன்று. இரண்டு காலையும் மாற்றி மாற்றி, பசு முக்கும்போது மட்டும் இழுப்பார். அரை மணி நேரம் போராடியும் நகரவில்லை என்றால்தான் எனக்குப் போன். விழுந்த கன்றின் வாயில் விரலை விடுவார். வாய் சில்லென்று இருந்தால் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டி, துவட்டல், அப்புறம்தான் சீம்பால், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர். சூடேற்றாமல் குழாய் வழியே பாலை ஊற்றினால் குடல் வேலை செய்யாது. ராத்திரி ஈற்றைக் குறைக்க மாலையில்தான் தீவனம் போடுவார். மானிட்டோபா மாகாணத்தில் கஸ் கொனஃபால் என்ற பண்ணைக்காரர் கண்டுசொன்ன வழி அது, நிறையப் பசுக்கள் பகலிலேயே ஈன்றுவிடும். ஏனென்று யாருக்கும் முழுசாக விளங்கவில்லை, ஆனாலும் பலிக்கிறது. உன் பண்ணையிலும் செய்து பார்.

பெரியவரின் மனைவி, அந்தம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈற்று ஏடு அவர் கையெழுத்துதான்: காதுத் தோடு எண், தேதி, கிடேரியா காளையா, தானாக ஈன்றதா இழுத்ததா, மடி எப்படி, குணம் எப்படி. பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்த சம்பளம்தான் 2003ஐத் தாண்ட வைத்தது. அந்த மே மாதம் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு பசுவுக்கு 'மேட் கவ்' எனும் பைத்தியப்பசு நோய் என்று அறிவித்தார்கள், அமெரிக்க எல்லை மூடிக்கொண்டது. 30 மாதத்துக்கு உட்பட்ட மாடுகளுக்கு 2005 ஜூலையில் திறந்தது. வயசான மாடுகளுக்கு 2007 நவம்பர் வரை காத்திருந்தார்கள். கிழட்டுப் பசுவை விற்ற காசு லாரி வாடகைக்குக்கூடக் காணாத காலம். அப்போதுகூட விற்காத மனுஷன்டா!

இப்போது விலை உச்சத்தில் இருக்கிறது, அப்புறம் ஏன்? மூன்று பிள்ளைகள். மூவரும் ஃபோர்-எச் என்கிற சிறுவர் மன்றத்தில் ஆளுக்கொரு கன்று வளர்த்துப் பரிசு வாங்கியவர்கள்தான். பெண்கள் இருவரும் நகரத்தில். மகனுக்கு மாடு பிடிக்கும், மெடிசின் ஹாட் என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டே கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிற வாரமெல்லாம் வந்து நிற்பான். நிலத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கில் மந்தை பிழைக்காது. மற்ற இரண்டு பங்கை அவன் கடன் வாங்கி வாங்கினால், கன்று விற்ற காசு வட்டிக்குப் பற்றாது. வரி ஒரு பிரச்சினை இல்லை, பண்ணையைப் பிள்ளைக்கு மாற்றச் சட்டமே சலுகை தருகிறது. பாகம்தான் பிரச்சினை. 2021 கணக்கெடுப்பில் இந்த நாட்டு விவசாயியின் சராசரி வயசு 56, அடுத்து யாருக்கு என்று திட்டம் வைத்திருந்த பண்ணைகள் 12 விழுக்காடுதான். பெரியவர் மீதி 88ல் ஒருவர். முப்பது வருஷம் முன்னாலேயே சாப்பாட்டு மேசையில் பேசியிருக்க வேண்டிய பேச்சு.

எனக்கு மாட்டைவிடப் புல்லைப் பற்றித்தான் கவலை. மாடு போனால் அடுத்து கலப்பை வரும், பருப்பும் கடுகும் விதைப்பார்கள். இந்தப் பூர்வீகப் புல்வெளியை ஒருமுறை உழுதால் நம் ஆயுசில் திரும்பாது. எப்போதும் உழக்கூடாது என்று பாதுகாப்பு அமைப்போடு ஒப்பந்தம் போடலாம், அந்த நிபந்தனை பத்திரத்தோடே அடுத்தவருக்கும் போகும். ஆனால் நிலத்தின் விலை குறையும், பெண்களின் பங்கும் குறையும். அப்பாவும் பிள்ளைகளும் இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தம்மா ஒப்பந்தத்தின் பக்கம். நானும்தான், யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் சினைப் பரிசோதனை. முதல் 21 நாளில் சினை பிடித்தவை ஒரு குழு, அடுத்த 21 நாள் இன்னொரு குழு, காலி மாடுகளும் பல் விழுந்தவையும் இறைச்சிக்கு. குழு பிரிக்கிற விதத்தில்தான் விலையே. எட்டுப் பொலிகாளைகளில் ஒன்றுக்குப் போன குளிரில் விதைப்பையில் பனி கடித்த தழும்பு இருக்கிறது, விந்துப் பரிசோதனை செய்யாமல் ஏலத்தில் ஏற்ற விடமாட்டேன். 12 கிழட்டுப் பசுக்களை மட்டும் தனக்கென்று நிறுத்திக்கொள்கிறார். அவற்றுக்கும் குட்டைத் தண்ணீரைச் சோதிக்கத்தான் போகிறார்.

அந்த ஏலம் முடிந்ததும் விலை எழுதுகிறேன். நீ இதற்காவது பதில் போடு. கொரங்காட்டை அண்ணன் தம்பிக்குள் எப்படிப் பிரித்தீர்கள் என்று விவரமாக எழுது, பெரியவரின் மகனிடம் சொல்ல வேண்டும்.

உன்,
சுப்பு