டேட்டா எங்கே போகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

"மாசம் முடியறதுக்குள்ள ஸ்பீடு குறைஞ்சிடுது, நாங்க அவ்வளவு பார்க்கவே இல்லையே" என்று நம் கேபிள் நெட் கடைக்கு வந்து கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அன்லிமிடெட் என்று சொல்லும் பல பிராட்பேண்ட் பிளான்களிலும் மாதத்துக்கு 3300 ஜிபி போல ஒரு வரம்பு உண்டு. சின்ன பிளான்களில் இன்னும் குறைவு. அதைத் தாண்டினால் நெட் நிற்காது, வேகம் விழுந்துவிடும்.

உங்கள் வீட்டில் மொத்தம் எவ்வளவு செலவானது என்பது மட்டும்தான் எங்கள் கணக்கில் தெரியும். வீட்டில் எத்தனை கருவி இருந்தாலும் எல்லாம் ரவுட்டர் வழியாக ஒரே முகவரியில் வெளியே வருகின்றன. டிவியா, லேப்டாப்பா என்று எங்களால் பிரிக்க முடியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கேமராவைப் பாருங்கள். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவும் பகலும் கிளவுடுக்கு (இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு) வீடியோ அனுப்பும் ஒரே ஒரு கேமரா, ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் எடுக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிபி. வாசல், மாடி, கார் ஷெட், பின்கட்டு என்று நான்கு மாட்டியிருந்தால் 2600 ஜிபி! வெளியே அனுப்புவதும் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி மாற்றுங்கள், அல்லது மெமரி கார்டிலேயே பதியட்டும்.

அப்புறம் டிவி. நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும், ஹெச்டி என்றால் 3 ஜிபி வரை. டிவியை மட்டும் அணைத்தால், பின்னால் செருகிய ஃபயர் ஸ்டிக் போன்ற கருவி ஓடிக்கொண்டே இருக்கக்கூடும்.

ஆண்ட்ராய்டு போனிலும் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும், வைஃபையில் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். மற்றவற்றுக்கு ஒரு சுலபமான வழி: படுக்கப்போகும்போது நம் கணக்குப் பக்கத்தில் அதுவரை செலவானதாகக் காட்டும் ஜிபி எண்ணைக் குறித்து வையுங்கள், காலையில் மறுபடி பாருங்கள். எல்லாரும் தூங்கிய 8 மணி நேரத்தில் 7 ஜிபி ஏறியிருந்தால், ஏதோ ஒன்று தானாக ஓடுகிறது. அடுத்த இரவு சந்தேகப்படும் கருவியை அணைத்துவிட்டுப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் (பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) திறக்கும் செட்டிங்ஸ் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். அதில் தெரியாத பெயர் இருந்தால் உடனே பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்பட வேண்டாம். இப்போதைய போன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைப்பதால், அது உங்கள் மகளின் போனாகவே இருக்கலாம். வீட்டுப் போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் அந்தப் பெயர் போகவில்லையா? அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

புரியாவிட்டால் அந்தப் பட்டியலைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கேபிள் நெட் கடையினர்