8 ஓம் ஸ்பீக்கர், மீட்டரில் 6: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"8 ஓம் என்று சொல்லி 6 ஓம் ஸ்பீக்கரைத் தலையில் கட்டுகிறார்கள், அதனால்தான் ஆம்ப்ளிஃபயர் கருகுகிறது" என்று மீட்டர் படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மல்டிமீட்டர் தன் பேட்டரியிலிருந்து நேர்மின்சாரம் செலுத்தி, வாய்ஸ் காயில் (ஸ்பீக்கர் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) கம்பியின் தடையை மட்டும் அளக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் அது 6ஐ ஒட்டித்தான் வரும். சரியாக 8 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்! பாட்டு நேர்மின்சாரமாக வருவதில்லையே. மாறுமின்சாரம் ஓடும்போது காயிலின் தூண்டலும், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் சுருளின் குணமும், சேர்ந்து மறுக்கிறது. இந்த மொத்த மறுப்புதான் இம்பீடன்ஸ்.

கணக்கே போட்டுவிடுவோம். கம்பித் தடை 6 ஓம், தூண்டல் 0.5 மில்லிஹென்றி (தூண்டலின் அலகு). 1,000 ஹெர்ட்ஸில் தூண்டல் மறுப்பு 3.14 ஓம். இரண்டையும் நேராகக் கூட்டி 9.14 என்றால் தப்பு. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்: சுமார் 6.8. அதே காயில் 5,000 ஹெர்ட்ஸில் கணக்குப்படி 17ஐ நெருங்கும். அடித்தொனியில், கூம்பு தன் இயல்பான அதிர்வெண்ணில் ஒத்ததிரும் இடத்தில் 30, 40கூடத் தொடும். ஆக, '8' என்பது பெயரளவு மதிப்பு. ஸ்பீக்கருக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60268-5 கேட்பது, ஸ்பீக்கருக்குக் குறித்த அதிர்வெண் வரம்புக்குள் இம்பீடன்ஸ் இந்தப் பெயரளவு மதிப்பின் 80 சதவீதத்துக்கு, அதாவது 6.4க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத்தான்.

ஆம்ப் கருகுவதற்குக் காரணம் வேறு. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக (பக்க இணைப்பில்) கொடுத்தால் 4. நான்கைக் கொடுத்தால் 2. பின்பக்கம் 'குறைந்தது 4 ஓம்' என்று போட்ட ஆம்பில் 2 ஓம் ஏற்றினால் மின்னோட்டம் இரட்டிப்பாகி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். நான்கையும் மாட்டத்தான் வேண்டுமென்றால், இரண்டிரண்டாக சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டி, அந்த இரு ஜோடியையும் பேரலல் செய்யுங்கள். மறுபடி 8 ஓம். (இப்படிக் கருகியவற்றுக்கு இனி வாரண்டி பொருந்தாது.)

செய்தியை நம்பிவிடாமல், மீட்டரும் கையுமாக நேரில் வந்து கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மற்றவர்களும் வாருங்கள். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி, கிராஸ்ஓவர் (ஒலியை அதிர்வெண்படி பிரித்து அனுப்பும் சர்க்யூட்) வயரை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். 1,000 ஹெர்ட்ஸில் உங்கள் கண்முன்னே அளந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்