பருவ நிறைவும், பைக்குள் வரும் பட்டாசும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இன்னொரு பருவம் நல்லபடியாக முடிகிறது. தேர்வுகள் ஒழுங்காக நடந்தன. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் திரளாக வந்தீர்கள். நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் பட்டியல் வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பப்படும். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

வறண்ட கோடை நாட்களில் பட்டாசுக்குக் கட்டுப்பாடு வைக்கலாமா என்று நகர மன்றம் கருத்துக் கேட்டிருக்கிறது. பள்ளியும் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரில் சிலர் உடனே தடை வேண்டும் என்கிறீர்கள். சிலர், பிள்ளைகளின் சந்தோஷத்தில் ஏன் கை வைக்க வேண்டும் என்கிறீர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதால், பள்ளி என்ன பதில் அனுப்பப் போகிறது, ஏன் என்பதை முதலில் உங்களிடமே சொல்லிவிடுவது முறை.

எங்கள் பதில்: கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அது தேதியைப் பார்த்து வரக்கூடாது, புல்லைப் பார்த்து வர வேண்டும்.

காய்ந்த புல்லுக்கு வேர் வழியாகத் தண்ணீர் ஏறாது. காற்றில் உள்ள ஈரத்தைத்தான் அது வாங்கும், விடும். 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல்லும் சருகும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே காற்றின் போக்குக்கு மாறிவிடும். காற்றில் நீராவி கூடாமல் வெப்பம் மட்டும் 11 டிகிரி ஏறினால் ஈரப்பதம் சுமார் பாதியாகக் குறையும். காலை 22 டிகிரியில் 70 சதவீதம் இருந்தது, பிற்பகல் 33 டிகிரியில் சுமார் 37 சதவீதம் ஆகிவிடும். காலையில் காலை நனைத்த அதே புல் மூன்று மணிக்குக் கையில் நொறுங்குவது இதனால்தான். 'நேற்றுதானே தூறியது' என்ற வாதமும் இதனால்தான் எடுபடுவதில்லை.

காட்டுத்தீயோடு போராடுவோர் 30-30-30 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல்: மூன்றும் சேர்ந்தால் பற்றிய தீயைப் பிடிப்பது அரிது. ஆனால் பட்டாசுக்கு மூன்றும் சேரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. இரண்டு சேர்ந்தாலே அன்று வேண்டாம். காட்டில் தீ வைக்கவென்றே தீப்பெட்டியோடு போகிறவர்கள் சிலர்தான். பட்டாசில் நாமே பற்றவைக்கிறோம்.

'மத்தாப்பு மட்டும்தானே, சின்னப் பிள்ளை' என்று அடிக்கடி கேட்கிறோம். கம்பி மத்தாப்பு எரியும் இடத்தில் வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல். காய்ந்த புல் பற்றிக்கொள்ளச் சுமார் 300 டிகிரி போதும். பறக்கும் பொறி மிகச் சிறியது, பெரும்பாலும் தரையைத் தொடுமுன் ஆறிவிடும். ஆபத்து கம்பியில் இருக்கிறது. எரிந்து முடிந்து கருத்த கம்பியைப் பிள்ளை புல்லில் வீசும்; அதில் இன்னும் சூடு இருக்கும். பத்து லிட்டர் வாளியில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து, எரிந்த முனை கீழே போகும்படி போடச் சொல்லுங்கள். பல மத்தாப்புகளை ஒன்றாகக் கட்டிக் கொளுத்துவது கூடவே கூடாது. ஒன்றின் வெப்பம் மற்றதைத் தூண்டி, கையில் இருக்கும்போதே சீறிப் பாயும்.

ராக்கெட் வேறு ரகம். அதை நேராக்குவது குச்சி. குச்சி ஒடிந்திருந்தாலோ நீளம் குறைந்திருந்தாலோ போகும் திசைக்கு உத்தரவாதமில்லை. புட்டியின் கழுத்தில் இறுக்கமாகச் சிக்கினால் தரையிலேயே வெடிக்கும். காற்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்து எரியும்வரை ராக்கெட் காற்றை எதிர்த்துத் தலை திருப்பும். எரிந்து முடிந்தபின் கங்கு ஒட்டிய அட்டைக்குழாயைக் காற்று தன் போக்கில் அடித்துச் செல்லும். ஆகவே 'காற்று அந்தப் பக்கம்தானே அடிக்கிறது' என்று இந்தப் பக்கம் நிம்மதியாக இருக்க முடியாது. விழுமிடம் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயாக இருந்து அதில் சருகு அடைந்திருந்தால், எல்லாரும் படுத்த பிறகுதான் புகை தெரியும்.

வெடிமருந்துக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது என்பதையும் பலர் நினைப்பதில்லை. பழைய கருமருந்தில் முக்கால் பங்கு, ஆக்சிஜன் தரும் வெடியுப்புதான். மீதி 15 சதவீதம் கரி, 10 சதவீதம் கந்தகம். அதனால் மண்ணள்ளிப் போட்டு மூடினாலும் உள்ளே எரியும். தண்ணீர்தான் அதைக் குளிர வைத்து, உப்பையும் கரைக்கும். வெடிக்காமல் போனதைக் குனிந்து பார்க்காதீர்கள், மறுபடி திரி கிள்ளிப் பற்றவைக்காதீர்கள். 20 நிமிடம் விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றி, பிறகு வாளியில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். மறுநாளும் காகிதக் குப்பையோடு கலக்காதீர்கள்.

ஆண்டு விழா முடிவில் பள்ளி மைதானத்திலேயே வாணவேடிக்கை வைக்கலாமே என்ற அன்பான யோசனையும் வந்தது. அமெரிக்காவில் கையாளப்படும் தரவிதி, வானில் வெடிக்கும் குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 70 அடி வீதம் இடைவெளி கேட்கிறது. 4 அங்குலக் குண்டுக்கு 280 அடி, அதுவும் எல்லாப் பக்கமும். நம் மைதானத்தில் அவ்வளவு இடம் கிடையாது. இந்தக் கணக்குகூடப் பார்வையாளர்களுக்காகப் போட்டதுதான். காற்றில் மிதக்கும் கங்குக்கு அது பொருந்தாது. யோசனைக்கு நன்றி, ஆனால் இயலாது.

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ஜூலை 1 அன்று மாலை 6 முதல் இரவு 11 வரை பொதுமக்கள் பட்டாசு கொளுத்தலாம். தேதி மாறாது, ஆனால் அங்கே அது வறண்ட பருவத்தின் நடுப்பகுதி. நேரத்தை மட்டும் வரையறுத்தால் புல் ஈரமாகிவிடாது. கலிபோர்னியாவில் பறக்காத, வெடிக்காத வகைகளை மட்டும் 'பாதுகாப்பானவை' என்று பிரித்து, அவற்றையும் அனுமதிப்பதா என்று ஒவ்வொரு நகரமும் முடிவு செய்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பாதி வழிதான்: புஸ்வாணம் பறக்காவிட்டாலும் அடியில் இருக்கும் சருகு பற்றும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஊருக்குள் முழுத்தடை போட்டால் சிலர் ஊருக்கு வெளியே, தரிசையும் காட்டோரத்தையும் தேடிப் போவார்கள்; அது இன்னும் மோசம். ஆகவே மன்றத்திடம் மூன்று கேட்கிறோம். வறட்சி அறிவிப்பை அன்றன்று நண்பகலுக்குள் வெளியிட வேண்டும். அறிவித்த நாளில் விற்பனையும் நிற்க வேண்டும், வாங்கியதை மாற்றிக்கொள்ள வியாபாரிகளும் வழி செய்ய வேண்டும். மற்ற நாட்களுக்குப் புல்லில்லாத வெறும் மண்தரை ஒன்றைப் பொது இடமாக ஒதுக்கி, தீயணைப்பு வண்டியை அருகில் நிறுத்த வேண்டும்.

இப்போது, மன்னிக்கவும், கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

மைதானத்தின் பின்வேலி ஓரம் எரிந்த கம்பிகளும் ராக்கெட் குச்சிகளும் கிடக்கின்றன. புத்தகப் பைகளில் வெடி வருகிறது. பையில் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்தது யார் என்பது உங்களுக்குத் தெரியும். இனி பள்ளிக்குள் பட்டாசோ தீப்பெட்டியோ லைட்டரோ கண்டால், எந்த வகுப்பானாலும், பெற்றோர் நேரில் வந்த பிறகே அந்தப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும். 'ஒன்றே ஒன்றுதானே' என்ற பேச்சை அலுவலகத்தில் ஏற்க மாட்டோம். 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் பள்ளத்தாக்கில் வீசிய ஒரு பட்டாசே காட்டைப் பற்றவைத்தது. அங்கே தீ மூட்டத் தடை ஏற்கெனவே இருந்தது. மலைப்பாதையில் நடக்க வந்த சுமார் 150 பேர் இரவு முழுக்கச் சிக்கிக்கொண்டார்கள், ஏறத்தாழ 48,000 ஏக்கர் எரிந்தது, அடுத்த ஆண்டு நீதிமன்றம் 3.6 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. அவன் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான்.

வீட்டில் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். புல் பற்றினால் அணைக்க முயல வேண்டாம், மேட்டை நோக்கி ஓட வேண்டாம். சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் சுமார் இரட்டிப்பாகும். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகி, பெரியவர்களை அழைக்க வேண்டும். பெரியவர்களுக்கும் ஒரு வரம்பு: சுடர் முழங்காலுக்கு மேல் போனால் வாளியை விட்டுவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இதெல்லாம் ஏற்கெனவே கடைப்பிடிக்கப்படுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். பின்வேலி ஓரத்துக் காய்ந்த புல்லைச் சனிக்கிழமை தாங்களாகவே வந்து வெட்டித் தந்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. அங்கே இப்போது மூன்று மீட்டர் அகலத்துக்கு வெறும் மண் தெரிகிறது. பைகளில் எடுத்த வெடிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டோம், திரும்பக் கேட்டு வர வேண்டாம். மன்றத்துக்கு அனுப்பும் பதிலில் உங்கள் கருத்தும் சேர வேண்டுமானால் புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள். எங்களோடு உடன்படாத கருத்தையும் அப்படியே இணைப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலகத்தில் பெயரெழுதாத தண்ணீர்ப் புட்டிகள் குவிந்து கிடக்கின்றன. விடுமுறைக்குமுன் வந்து அடையாளம் காட்டி எடுத்துச் செல்லவும்.